கோர்ட்டுக்கு வெளியே தீர்த்துக்கலாம், ஆனா முடிவு யார் கையில?

ஒரு ஃப்ரீலான்ஸ் டெவலப்பர், ஒரு கம்பெனிக்கு ஆப் செஞ்சு கொடுத்துட்டாங்கனு வெச்சுப்போம். ரெண்டு லட்ச ரூபாய் பாக்கி. கம்பெனியோ "வேலை சரியில்லை"ங்குது. கேஸ் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும்னு பயம். "வெளியவே முடிச்சுக்கோ"னு எல்லாரும் சொல்வாங்க. அந்த 'வெளிய'ல முக்கியமா மூணு வழி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்விதான்: முடிவு யார் கையில?

முதல்ல மீடியேஷன், அதாவது சமரசம். சமரசர் பேச்சுவார்த்தையை நடத்துவார். தீர்ப்பு சொல்ல மாட்டார். ஒத்துவரலையா, எழுந்து வந்துடலாம். அங்கே பேசினது ரகசியம். "அன்னைக்குப் பாதிப் பணம் போதும்னாங்களே"னு பின்னாடி கோர்ட்டில் சாட்சியமா காட்ட முடியாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-லேயே சமரச மையம் திறந்தாச்சு. 2023-ல் இதுக்குத் தனிச் சட்டமும் வந்துடுச்சு.

அடுத்தது லோக் அதாலத், மக்கள் நீதிமன்றம். இதுக்குக் கட்டணம் இல்லை. கேஸ் போடுறதுக்கு முன்னாடியும் போகலாம். ஏற்கெனவே போட்ட கேஸ் இங்கே முடிஞ்சா, கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். இங்கேயும் ரெண்டு தரப்பும் சம்மதிச்சாதான் முடிவு. ஆனா சம்மதிச்சு கையெழுத்துப் போட்டுட்டா, அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அப்பீல் கிடையாது. அதனால ஒருதடவைக்கு நாலுதடவை படிச்சுட்டுப் போடுங்க.

மூணாவது ஆர்பிட்ரேஷன். இதுல நடுவரே தீர்ப்பு சொல்வார். பிடிக்கலைன்னாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தும். ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா "தப்பா முடிவு பண்ணிட்டார்"ங்கிறது மட்டும் பத்தாது. என் தரப்பைச் சொல்லவே விடலை, நடுவரை நியமிச்ச முறையே தப்பு, இப்படிச் சில காரணங்கள்தான் எடுபடும்.

சிக்கல் என்னன்னா, இதுக்கான சம்மதத்தை நீங்க சண்டை வந்த பிறகு கொடுக்கறதில்லை. பெரும்பாலும் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே கொடுத்துடறீங்க. சில கான்ட்ராக்ட்ல "ஒரே நடுவர், அவரையும் கம்பெனியே நியமிக்கும்"னு இருக்கும். வழக்கின் முடிவில் ஆதாயம் இருக்கிற தரப்பு அப்படித் தன்னிச்சையா ஒரே நடுவரை நியமிக்க முடியாதுனு உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கு.

அடுத்த கான்ட்ராக்ட் பி.டி.எஃப். வந்ததும் 'ஆர்பிட்ரேஷன்'னு தேடிப் பாருங்க. நடுவரை யார் நியமிக்கறாங்க, எந்த ஊர்ல நடக்கும், செலவு யாரோடது? இந்த மூணையும் கேட்டு மாத்த வேண்டியது கையெழுத்துக்கு முன்னாடிதான்.