காது ஏன் வலிக்கிறது?

கேம் விளையாடும் கம்பியில்லா ஹெட்செட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல மாடல்கள் 250 முதல் 350 கிராம் வரை இருக்கும். நம் தலையின் எடையோ நாலைந்து கிலோ! அதைத் தூக்கிச் சுமக்கும் கழுத்துக்கு இது எம்மாத்திரம்? ஆனாலும் ஒரு மணி நேரத்தில் உச்சந்தலை வலிக்கிறது, காது எரிகிறது.

எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இறங்குகிறது என்பதுதான் முக்கியம். விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். புத்தகப் பையின் பட்டை அகலமாக இருந்தால் தோள் தாங்கும். அதே பையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் தோளில் தடம் விழும். உச்சந்தலையில் எலும்புக்கு மேல் சதை குறைவு. மெல்லிய வளைவுப் பட்டை அங்கே உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? அதனால் சில ஹெட்செட்டுகளில் உலோக வளைவுக்குக் கீழே இன்னொரு மீள்துணிப் பட்டை இருக்கும். அது தலையின் வளைவுக்கேற்பப் படிந்து, எடையைப் பரப்பிவிடுகிறது.

இரண்டாவது விசை பக்கவாட்டில் இருந்து வருகிறது. காதை மூடும் கிண்ணங்கள் இரண்டும் தலையை இறுக்கிப் பிடிக்காவிட்டால், குனிந்ததும் ஹெட்செட் கீழே விழும். கிண்ணத்தின் ஓரத்திலுள்ள மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் முதலில் கசிந்து குறைவது 'தும் தும்' என்ற தாழ்ந்த ஒலிதான். சரி, இறுக்கிவிடலாம் என்றால் தாடை வலிக்கும்; கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு காதுக்கு மேலே குத்தும். வடிவமைப்பாளரின் பெரிய தலைவலியே இந்த இழுபறிதான்.

இங்கே கைகொடுத்தது விமானம். 1966-ல் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்பவர் விமான இருக்கைகளுக்கென ஒரு நுரைப்பஞ்சை உருவாக்கினார். உடல் சூட்டில் இளகி, அழுத்தும் பொருளின் வடிவத்துக்கு மெல்ல மெல்ல மாறும் பஞ்சு அது. மெமரி ஃபோம் என்கிறோமே, அதேதான். இன்று பல ஹெட்செட்டுகளின் காது மெத்தைக்குள் இருக்கிறது. கண்ணாடிக் காம்பையும் ஓரளவு தனக்குள் அமிழ்த்திக்கொள்ளும்.

மெத்தைக்கு மேலே என்ன உறை? செயற்கைத் தோல் ஒலியை நன்றாக அடைக்கும், வியர்வையையும் சேர்த்து! துணி காற்றைவிடும், ஒலியும் கொஞ்சம் கசியும். சென்னை வெயிலில் என் ஓட்டு துணிக்குத்தான்.

கம்பி போனதால் இழுபடும் தொல்லை போயிற்று. பதிலுக்கு பேட்டரியைத் தலையில் சுமக்க வேண்டியதாயிற்று. பெரிய பேட்டரி வைத்தால் அதிக நேரம் ஓடும், எடையும் கூடும். அதை ஒரு கிண்ணத்தில் வைத்தால், மறுபக்கமும் எடை ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பாகங்களை அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாயும்.

1910-ல் நேதனியல் பால்ட்வின் என்ற அமெரிக்கர் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்ஃபோன் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு விற்றார். அவருக்கு பேட்டரி கவலை இருக்கவில்லை!

கடையில் வாங்கும்போது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குனிந்து பாருங்கள். காது முழுவதும் கிண்ணத்துக்குள் அடங்குகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு வாயை அசைத்து மெல்லுவதுபோல் செய்யுங்கள். தாடை இடித்தால் வேறொன்றைக் கேளுங்கள்.