கணக்குப் போடும் குழந்தை ஏன் முணுமுணுக்கிறது?

52-இலிருந்து 27-ஐக் கழிக்கிறாள் ஒரு சிறுமி. "ரெண்டுல ஏழு போகாது... பக்கத்துல கடன் வாங்கணும்... பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு..." என்று உதடுகள் அசைகின்றன. "வாயை மூடிக்கிட்டுப் போடு" என்று அதட்டத் தோன்றும். அதட்டாதீர்கள். அந்த முணுமுணுப்பில்தான் அவள் சிந்தனை நடக்கிறது.

எப்படி? சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) இதைக் கூர்ந்து கவனித்தார். வேலை கடினமாகும்போது, குழந்தைகள் தமக்குத்தாமே பேசிக்கொள்வது கூடியது. அடுத்து என்ன செய்வது என்று வாய்விட்டுச் சொல்லும்போது கவனம் சிதறுவதில்லை. கடன் வாங்கியதும் மறப்பதில்லை. சிறு வயதில் சத்தமாக வரும் இந்தப் பேச்சு மெல்ல முணுமுணுப்பாகி, பிறகு மனசுக்குள் அடங்குகிறது. தொலைத்த சாவியைத் தேடும்போது பெரியவர்களுக்கும் அது வெளியே வந்துவிடுகிறது!

விடை சரியா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், "எப்படிக் கண்டுபிடிச்சே, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஒருத்தி முணுமுணுத்திருப்பாள், ஒருவன் விரல் மடக்கியிருப்பான், இன்னொருத்தி கோடு கிழித்து எண்ணியிருப்பாள். தான் யோசித்த வழியைத் தானே எடுத்துச் சொல்லும் குழந்தைக்குத் தன் மூளைமேல் நம்பிக்கை பிறக்கிறது.