வெளியே தெரியாத முடக்கம்: டயாலிசிஸில் வாழ்பவர்களும் சுற்றியிருப்பவர்களும்

இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், குடல் ஆகியவற்றில் ஒன்று நிரந்தரமாகப் பழுதடைந்து அன்றாட வாழ்க்கை முடங்குவது உள்ளுறுப்புக் குறைபாடு. ஜப்பானில் இது சட்டப்படியே உடற்குறைபாடாகக் கருதப்படுகிறது. அங்கு 1967இல் இதய, சுவாசக் குறைபாடுகளும், 1972இல் சிறுநீரகக் குறைபாடும் பட்டியலில் சேர்ந்தன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் தலசீமியாவும் ஹீமோபிலியாவும் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. சட்டமும் கைகொடுக்காத நிலையில், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் (ரத்தத்தைச் செயற்கையாகச் சுத்திகரிக்கும் சிகிச்சையில்) வாழ்பவருக்குப் பெரிதும் தேவைப்படுவது அக்கம்பக்கத்தாரின் புரிதல்.

நேற்று படுக்கை, இன்று கடைத்தெரு

பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கும். அது முடிந்த அன்று தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, அடித்துப்போட்டாற்போன்ற அசதி. மறுநாள் அவரே எழுந்து காய்கறி வாங்கப் போகலாம். இதைப் பார்த்துவிட்டு ‘நடிக்கிறார்’ என்று சொல்லும் வாய்களுக்குக் குறைவில்லை. ஆனால் நோயின் போக்கே அப்படித்தான்.

பலருக்கு முன்கையில் புடைத்த நரம்பொன்று தெரியும். தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்டுலா அது. விரல் வைத்தால் விர்ரென்று அதிரும். அந்த அதிர்வு நின்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, இறுக்கமான வளையலோ கனமான பையோ ஆகாது.

நோயைவிடக் கொடிய நம்பிக்கைகள்

‘நிறையத் தண்ணீர் குடித்தால் கிட்னி சரியாகிவிடும்.’ சிறுநீரகக் கல் உள்ளவருக்குச் சொல்வதை இவருக்குச் சொல்வது ஆபத்து. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த நீர் காலில் வீக்கமாகும். பிறகு நுரையீரலில் கோத்து இரவில் மூச்சை அடைக்கும். பெரும்பாலும் முந்தைய நாள் பிரிந்த சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துத்தான் குடிக்க அனுமதி.

‘இளநீர் குளிர்ச்சி, வாழைத்தண்டுச் சாறு கிட்னிக்கு நல்லது.’ இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அது 6.5ஐத் தாண்டினால் இதயமே நின்றுபோகலாம். நலம் விசாரிக்க வருபவர் அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீரும் அந்த அளவை ஏற்றிவிடும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் இருப்பதும் பொட்டாசியமே. நட்சத்திரப்பழமோ இவர்களுக்கு விடாத விக்கலில் தொடங்கி வலிப்பில் முடியக்கூடியது.

‘டயாலிசிஸ் ஆரம்பித்தால் விட முடியாது; முடிந்தவரை தள்ளிப்போடு.’ பாம்புக்கடி, எலிக்காய்ச்சல் போன்றவற்றால் வரும் திடீர்ச் செயலிழப்பில் பலருக்குச் சில வாரங்களில் டயாலிசிஸை நிறுத்திவிடலாம். நிரந்தரச் செயலிழப்பில் அதை விட முடியாமல் செய்வது நோய், இயந்திரமல்ல. தள்ளிப்போட்டவர்கள் கடைசியில் நள்ளிரவில், மூச்சு வாங்க, அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். ஃபிஸ்டுலா ஆயத்தமாகப் பல வாரங்கள் வேண்டும். வேறு வழியின்றிக் கழுத்தில் குழாய் இறக்க வேண்டியதாகிறது.

‘இந்தச் சூரணம் கிரியாட்டினினைக் குறைக்கும்.’ சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவே கிரியாட்டினின். என்ன சேர்ந்ததென்று விற்பவருக்கே தெரியாத பொடியில் ஈயமும் பாதரசமும் இருக்கலாம். மூலிகையென்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. கொழுப்பைக் குறைக்கப் பிலிம்பிக்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

துணை நிற்பது எப்படி

அலுவலகத்தில் டயாலிசிஸ் நாளுக்கேற்ப வேலை நேரத்தை மாற்றித்தருவது, பேருந்தில் இளவயதினர் இருக்கை கேட்டாலும் காரணம் கேட்காமல் கொடுப்பது, விருந்தில் ‘ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது’ என்று வற்புறுத்தாதிருப்பது, மருத்துவமனைக்குப் போய்வர ஆள் துணை தருவது ஆகியவை பெரிய உதவிகள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. இவற்றுக்கான தாள்களைச் சேர்த்துக்கொடுத்து அலைச்சலைக் குறைப்பதும் உதவியே.

இன்னொருவர் இந்நிலைக்கு வராதிருக்க

சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணங்கள் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின்: இந்நோய்கள் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இவ்விரண்டு சோதனைகள் வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதை நிறுத்த வேண்டும். சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தாமாக நிறுத்தவே கூடாது. பெரும்பகுதி கெடும்வரை சிறுநீரகம் வலித்துக் காட்டுவதில்லை. ஆகவே வலிக்காகக் காத்திருக்க வேண்டாம்.