பூட்டு ஊர் பட்டறையில் தோட்டாவா? உஷார்... மாட்டினால் 7 ஆண்டு!

திண்டுக்கல்:
பூட்டுக்குப் பேர் போன ஊர் திண்டுக்கல். அரம் பிடித்த கை, லேத்து ஓட்டிய கை, பித்தளையை வெண்ணெய் மாதிரி கடையும் கை... இந்த ஊர்க் கைகளுக்குச் செய்ய முடியாத சாமான் என்று ஒன்று உண்டா?

உண்டு. செய்ய முடியும், ஆனால் செய்யக் கூடாது! அதுதான் துப்பாக்கித் தோட்டா.

"என்னண்ணே, சின்னதா ஒரு அச்சு. ஈயத்த ஊத்துனா குண்டு மாதிரி வரணும். அம்புட்டுத்தான். சும்மா பொழுதுபோக்குக்கு!" என்று ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? வேலை குறைந்து கிடக்கிற நேரம். அலிகார் பூட்டு வந்து மாங்காய்ப் பூட்டின் மார்க்கெட்டைப் பிடித்துக்கொண்ட காலம். கேட்கிற கூலியைக் கொடுக்கிறேன் என்றும் சொல்கிறார். ஆசை வரத்தான் செய்யும்.

அந்த ஆசைக்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டால், வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்!

அமெரிக்காவில் பொழுதுபோக்கு

தபால் தலை சேர்ப்பது போல, மீன் தொட்டி வைப்பது போல, அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா செய்வது ஒரு பொழுதுபோக்கு. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி மருந்து நிரப்பி, புதுக் குண்டு பொருத்திவிடுகிறார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மேஜை, அதன் மேல் ஒரு சிறு அழுத்து இயந்திரம். காசும் மிச்சம், குறியும் தப்பாது என்பது அவர்கள் கணக்கு.

இதிலும் முற்றியவர்கள் குண்டையே சொந்தமாகச் செய்துகொள்கிறார்கள். அதுவும் வெறும் ஈயக் குண்டு அல்ல. செம்புச் சட்டை போட்ட குண்டு!

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் நேரம். அமெரிக்காவில் செம்பும் ஈயமும் ராணுவத்துக்கே போய்விட்டன. வேட்டைக்காரர்களுக்குக் கடையில் குண்டு கிடைக்கவில்லை. கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊர்க்காரர் பிரெட் ஹண்டிங்டன். கீழே கிடக்கும் பழைய பாயிண்ட் 22 தோட்டாவின் காலிக் கூட்டையே சட்டையாக்கி, உள்ளே ஈயத்தை வைத்துக் குண்டு செய்ய ஒரு அச்சைத் தயார் செய்தார். 1943-ல் அதையே தொழிலாகவும் ஆரம்பித்தார். பாறை இடுக்கில் வாழும் ஒரு வகைப் பெரிய அணிலைச் சுடுவதற்காகச் செய்த அச்சு என்பதால், அந்தப் பிராணியின் பெயரையே கம்பெனிக்கும் வைத்தார். ஆர்.சி.பி.எஸ். என்ற அந்தக் கம்பெனியின் பெயர் இன்றும் அந்த நாட்டு வேட்டைக்காரர்களுக்கு மனப்பாடம்.

அது அமெரிக்கா. அந்த நாட்டுச் சட்டம் வேறு. நம் நாட்டுச் சட்டம் வேறு.

குண்டுக்கு ஏன் சட்டை?

நம்மவர்கள் 'தோட்டா' என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் நாலு பாகம் உண்டு. பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி கிளப்பும் கேப்பு, உள்ளே மருந்து, தலைமாட்டில் குண்டு. துப்பாக்கியை விட்டுப் பறப்பது குண்டு மட்டுமே.

அந்தக் காலத்தில் குண்டு என்றால் ஈயம்தான். ஈயம் மெதுவானது, சீக்கிரம் உருகும். கரி மருந்து போட்டுச் சுட்டவரை அது போதுமானதாக இருந்தது. 1880-களில் பிரான்ஸ் நாட்டில் புகையில்லா மருந்து வந்தது. குண்டின் வேகம் கூடியது. அந்த வேகத்தில் ஈயம் குழாய்க்குள்ளேயே வழிந்து ஒட்டிக்கொண்டது. குறி தவறியது; குழாய் பாழானது.

இதற்கு வழி சொன்னவர் சுவிட்சர்லாந்து ராணுவ அதிகாரி எட்வர்ட் ரூபின். தூன் என்ற ஊரில் இருந்த அரசாங்க ஆலையில் 1882-ல் ஈயத்துக்குச் செம்புச் சட்டை மாட்டிப் பார்த்தார். பலித்தது. இன்றைக்கு உலகத்து ராணுவங்கள் எல்லாம் சுடுவது சட்டை போட்ட குண்டுதான்.

சட்டையிலும் சண்டை வந்தது. கல்கத்தா பக்கத்தில் டம்டம் என்ற இடத்தில் வெள்ளைக்காரர்களின் ஆயுத ஆலை. அங்கே 1890-களில் குண்டின் மூக்குப் பக்கம் மட்டும் சட்டையைத் திறந்துவிட்டார்கள். உடம்பில் பாய்ந்ததும் அது விரிந்து கோரமான காயம் உண்டாக்கியது. உலகமே முகம் சுளித்தது. 1899-ல் ஹேக் நகரில் நாடுகள் கூடி, போரில் இந்த மாதிரிக் குண்டு கூடாது என்று அறிவித்தன. 'டம்டம் குண்டு' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரு சின்ன ஈயத் துண்டுதான். அதற்காக நாடுகளே கூடிப் பேச வேண்டி வந்தது!

திண்டுக்கல்லிலேயே ஆயுத ஆலை!

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கண்ணில் படுகிறதே மலைக்கோட்டை, அதைக் கேட்டால் இன்னும் நிறையச் சொல்லும்.

மதுரை நாயக்கர்கள் 1605-ல் கட்ட ஆரம்பித்த கோட்டை அது. 1755-ல் மைசூர் ராஜ்ஜியத்தின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக வந்தவர் ஐதர் அலி. அப்போது அவர் ராஜாவும் இல்லை, நவாபும் இல்லை. வந்த இடத்தில் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் கைதேர்ந்த தொழிலாளிகளைத் திரட்டி, இங்கேயே பீரங்கிப் படைக்கு ஆயுதச் சாலையும் மருந்துச் சாலையும் அமைத்தது! பின்னாளில் வெள்ளைக்காரனை நடுங்க வைத்த மைசூர் பீரங்கிப் படைக்குப் பிள்ளையார் சுழி போட்டது நம்ம ஊரில்தான்.

கோட்டை கைமாறியது. 1790-ல் வெள்ளைக்காரர் பிடித்தார்கள். 1792 ஒப்பந்தப்படி திண்டுக்கல் சீமையே அவர்கள் வசம் போனது. அவர்களை எதிர்த்து விருப்பாச்சி பாளையக்காரர் கோபால் நாயக்கர் கிளம்பினார். 1801-ல் தூக்கில் போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும். வேல், துப்பாக்கி எதுவும் ஜனங்கள் கையில் இருக்கக் கூடாது!

ஜனங்களிடம் ஆயுதம் இருந்தால் ஆட்சிக்கு ஆபத்து என்ற பயம் அவர்களுக்குக் கடைசிவரை போகவில்லை. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டமே வந்தது. சுதந்திரம் வந்தபின் அதை மாற்றி 1959-ல் நம் பாராளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. இன்றும் அமலில் இருப்பது அதுதான்.

"வெறும் குண்டுதானே!"

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

"மருந்து கிடையாது, கேப்பு கிடையாது. வெறும் ஈயமும் செம்பும்தானே? இது எப்படி தோட்டா ஆகும்?" என்று கேட்கலாம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் அல்ல. அதன் பாகமும் தோட்டாவே. அதைச் செய்கிற இயந்திரமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது! ஆக, குண்டு செய்தவர் மட்டும் அல்ல, 'சும்மா ஒரு அச்சு' கடைந்து கொடுத்தவரும் மாட்டுவார்.

செய்வது மட்டுமா? விற்பது, பழுது பார்ப்பது, ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது, சுட்டுச் சோதிப்பது எல்லாவற்றுக்கும் தனி லைசென்சு வேண்டும். "துப்பாக்கிக் குதிரை இறுகிக் கிடக்கு, கொஞ்சம் அரம் போட்டுக் குடு தம்பி" என்று கேட்டாலும் அதே கதைதான்.

தண்டனை என்ன? முன்பு லைசென்சு இல்லாமல் செய்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 7 ஆண்டு. 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது குறைந்ததே 7 ஆண்டு! அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அபராதம் தனி. செய்யாமல் வெறுமனே வீட்டில் வைத்திருந்தாலும் 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை.

7 ஆண்டு என்றால் என்ன? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அப்பா திரும்பி வரும்போது எட்டாம் வகுப்பில் இருக்கும்!

லைசென்சு இருந்தாலும்...

"நான் லைசென்சு வைத்திருக்கிறேன். நான் செய்துகொள்ளலாமே?" என்று சில பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் நினைக்கலாம். அதுவும் நடக்காது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்சு வேறு, தோட்டா தயாரிக்கும் லைசென்சு வேறு. வைத்திருப்பவர் லைசென்சு பெற்ற கடையில், தன் புத்தகத்தில் எழுதிய கணக்குக்குத்தான் வாங்கலாம்.

நாட்டுக்கு வேண்டிய தோட்டாவைச் செய்ய அரசாங்க ஆலைகள் இருக்கின்றன. புனே பக்கத்தில் கிர்க்கி ஆலை 1869-ல் ஆரம்பித்தது. தோட்டாவுக்கும் குண்டுக்கும் மருந்து தருகிற ஆலை நம் நீலகிரியில், அருவங்காட்டில், 1904-ல் இருந்து ஓடுகிறது. திருச்சியில் 1966-ல் வந்த ஆலை துப்பாக்கியே செய்கிறது. அச்சு பிடிக்கும் வேலையில் ஆசை இருக்கிற இளைஞர்கள் ஐ.டி.ஐ. படித்து இந்த மாதிரி ஆலைகளுக்கு மனுப் போடலாம். அதே வேலை, மாசம் பிறந்தால் சம்பளம், போலீசு பயம் கிடையாது.

சுடுவதில்தான் ஆசை என்றால் ரைபிள் கிளப்பில் சேரலாம்.

காட்டுப் பன்றிக்கு என்ன வழி?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிறுமலை அடிவாரத்திலும், நத்தம், ஆத்தூர் பக்கத்து மலையோரத்திலும் வெள்ளாமை செய்கிறவர்களுக்கு நாட்டுத் துப்பாக்கியும் ஈயக் குண்டும் பொழுதுபோக்கு அல்ல. ராத்திரி காட்டுப் பன்றி புகுந்தால் காலையில் கடலைக் காடு உழுது போட்டது மாதிரி கிடக்கும். வயிற்றெரிச்சலில்தான் சிலர் திருட்டுத் துப்பாக்கிக்குப் போகிறார்கள்.

அவர்களுக்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, குழாய் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு கொடுக்கலாம் என்று 1959 சட்டமே சொல்கிறது. கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் லைசென்சு கிடைத்துவிட்டது என்று காட்டு மிருகத்தைச் சுட்டுவிடவும் முடியாது. அதற்கு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கிற பன்றியைச் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறை ஆள்தான், விவசாயி அல்ல. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருப்பவருக்கு இது எட்டாத தூரம். அவர்கள் வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை என்பதும் உண்மை.

ஈயமும் விஷம்தான்

போலீசு கண்ணில் படாமல் தப்பினாலும் ஈயம் விடாது. பழைய பேட்டரித் தகட்டை அடுப்பில் உருக்கும்போது வரும் புகையும் தூசியும் மூச்சோடு உள்ளே போகும். ரத்தத்தில் சேர்ந்துவிட்டால் லேசில் இறங்காது. வயிற்று வலி, ரத்த சோகை, கை கால் தளர்ச்சி என்று ஒவ்வொன்றாக வரும். பெரியவர்களை விடக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. மூளை வளர்ச்சியே கெட்டுப் போகும். இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்பா சட்டையில் ஒட்டி வரும் தூசியே வீட்டுப் பிள்ளைக்குப் போதும்!

பரண் மேல் இருக்கிறதா?

தாத்தா காலத்துத் துப்பாக்கியோ, துருப்பிடித்த நாலு தோட்டாவோ பரண் மேல் கிடக்கிறதா? லைசென்சு முடிந்துவிட்டதா, லைசென்சுக்காரர் காலமாகிவிட்டாரா? தாமதம் வேண்டாம். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்சு உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். கிணற்றில் போடுவதோ, பழைய இரும்புக் கடையில் போடுவதோ வம்பை விலைக்கு வாங்குவது.

பட்டறைக்காரர்களுக்கும் அதே யோசனைதான். வருகிறவர் எந்தப் பெயரைச் சொன்னாலும், சாமான் எதற்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் அட்வான்சைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டாச் சட்டத்தில் தண்டனை கூடியதும் அதே 2019-ல்தான். திருடன் கைக்குத் திறக்காத பூட்டு செய்து பேர் வாங்கிய ஆசாரி, ஜெயில் பூட்டை உள்ளே இருந்து பார்க்கலாமா?