களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும்
சீமெந்து ஆக்கத்திற் பன்னாட்டறிஞரின் கூட்டாராய்ச்சி

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பர் பெரியோர். இவற்றுள் உண்டிக்கும் உடைக்கும் வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை வயலிலும் தோட்டத்திலும் ஆண்டுதோறும் மீண்டும் விளைவன. உறையுளுக்கு வேண்டிய கல்லும் மண்ணுமோ அத்தகையன அல்ல. ஒருமுறை அகழ்ந்தெடுத்த கல் அடுத்த மாரிக்கு முளைப்பதில்லை. ஆகவே, குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த பயனைப் பெறுவது எங்ஙனம் என்னும் வினா இன்று உலகெங்குமுள்ள கைத்தொழில் அறிஞரின் கருத்தை ஈர்த்து நிற்கின்றது. சீமெந்துத் தொழிலில் இவ்வினாவுக்குப் பல நாட்டறிஞர் கூடிக் கண்ட விடையொன்றினை நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும், பயிலும் மாணவர்க்கும், ஆசிரியர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீமெந்துக்கும் நெல்வயல் சூழ்ந்த உயிலங்குளத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியதே. இலங்கையின் முதற் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டிற் காங்கேசன்துறையில் உற்பத்தியைத் தொடங்கிற்று. அதற்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்திலேயே கிடைத்தது. களிமண்ணோ நமது அயலூராகிய முருங்கனிலிருந்து சென்றது. நாட்டின் வீடுகளிலும் பாலங்களிலும் பாடசாலைகளிலும் மன்னார் மாவட்டத்து மண்ணும் ஒரு கூறாகக் கலந்து நிற்கின்றது என்று நாம் பெருமையுடன் கூறிக்கொள்ளலாம். போர்ச் சூழலால் 1990இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. கல் அகழ்ந்த பெருங்குழிகள் எஞ்சி நின்றன.

அக்குழிகள் நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. வடபுலத்துச் சுண்ணாம்புக்கல் வெறுங் கல்லன்று. அது ஒரு நீர்க்கலம். மாரியிற் பெய்யும் மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு கிணற்றுநீரை நம்பி வாழ்வது இக்கல்லின் உதவியாலேயாம். இதே இனப்பாறை மன்னார்க் கரையூடாகப் புத்தளம்வரை தெற்கே நீள்கின்றது. ஆகவே, நம்மவர்க்குச் சுண்ணாம்புக்கல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்தல் என்பது பணத்தைச் சேமிக்கும் செய்தி மட்டுமன்று; குடிநீரைக் காக்கும் செய்தியுமாகும்.

இனிச் சீமெந்து ஆக்கப்படும் முறையைச் சிறிது நோக்குவோம். 1824இல் இங்கிலாந்தின் லீட்சு நகரத்தைச் சேர்ந்த யோசேப்பு அசுப்டின் என்பார் போட்லண்டுச் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். காலப்போக்கில் திருந்திய முறைப்படி, சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்துக் கலந்து, சுழலும் உலையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வெப்பத்திற் சுடுவர். அப்பொழுது கிளிங்கர் எனப்படும் கருங்கட்டிகள் உண்டாகும். அவற்றைச் சிறிதளவு ஜிப்சத்துடன் அரைத்த தூளே நாம் மூட்டையாக வாங்கும் சாதாரண சீமெந்து.

இம்முறையில் இரு பெருஞ் செலவுகள் உள. ஒன்று, அத்துணைக் கடும் வெப்பத்தைத் தருவதற்கு வேண்டிய எரிபொருள். மற்றையது, கல்லே கக்கும் கரியமிலவாயு. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பே எஞ்சும். 44 கிலோ வாயுவாகிப் போய்விடும். எரிபொருளை மாற்றினாலும் இந்த 44 கிலோ குறையாது. அது கல்லின் இயல்பு. உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி தொன் சீமெந்து ஆக்கப்படுகின்றது. மனிதர் செயலால் வளிமண்டலத்திற் சேரும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு இத்தொழிலால் வருவது. எனவே, கிளிங்கரைக் குறைத்தாலன்றிக் கல்லையும் காற்றையும் ஒருங்கே காத்தல் அரிது.

கிளிங்கரின் ஒரு பகுதிக்குப் பதிலாக வேறொன்றைச் சேர்த்தல் புதிய எண்ணமன்று. பண்டை உரோமர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து துறைமுகங்களைக் கட்டினர். நம்மவர் சுட்ட செங்கல்லின் தூளைச் சுண்ணாம்புடன் சேர்த்தனர். அதற்குச் சுர்க்கி என்பது பெயர். 1895இல் நிறைவெய்திய முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்டதேயாம். சுட்ட களிமண் சுண்ணாம்புடன் கூடி இறுகும் என்பதை முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். எந்தக் களிமண், எத்தனை பாகை வெப்பம், எவ்வளவு பங்கு என்பவற்றை அளந்து அறுதியிடும் பணியே பிற்கால ஆராய்ச்சியாளர்க்கு எஞ்சியிருந்தது.

அப்பணி ஒரு நாட்டார் தனித்துச் செய்ததன்று. கியூபா நாட்டின் சாந்தா கிளாரா நகரிலுள்ள இலாசு வில்லாசு மத்திய பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பெர்னாந்தோ மார்ட்டிரேனா என்பார், எரிபொருளும் பணமும் அருகிய தம் நாட்டிற்கு மலிவான சீமெந்து தேடி உழைத்தார். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத் தொழினுட்பக் கழகத்திற் பேராசிரியை கரென் ஸ்கிரிவனர் சீமெந்தின் நுண்ணமைப்பை ஆராய்ந்து வந்தார். ஒருவரிடம் தேவையும் மண்ணும் இருந்தன. மற்றவரிடம் நுண்கருவிகளும் அவற்றைக் கொண்டு காணும் பயிற்சியும் இருந்தன. இருவர் கூட்டுறவும் பயன் தந்தது. பின்னர் இந்தியா சேர்ந்தது. சென்னை, தில்லி, மும்பை ஆகிய நகரங்களின் இந்தியத் தொழினுட்பக் கழகங்களும், கிராம முன்னேற்றத்துக்கு உழைக்கும் தாரா என்னும் நிறுவனமும் இதிற் பங்குகொண்டன. சென்னையிற் பேராசிரியர் இரவீந்திர கெட்டு, பேராசிரியர் மனு சந்தானம் ஆகியோரும், தில்லியிற் பேராசிரியர் சசாங்க் பிஷ்னோயும் இத்துறையில் உழைத்தோராவர். சுவிற்சர்லாந்து அரசின் அபிவிருத்தி உதவி நிறுவனம் பொருளுதவி நல்கிற்று.

அவர்கள் கண்ட கலவையின் பங்குகள் இவை: கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5. இதனைச் சுண்ணாம்புக்கல் சுட்ட களிமண் சீமெந்து என்பர். இதில் வியப்புக்குரியது யாதெனில், பயன் குறைந்தவை என எண்ணப்பட்ட இரு பொருள்கள் ஒன்றையொன்று உயர்த்துவதேயாம். கயோலினைற்று என்னும் கனியத்தைக் கொண்ட களிமண்ணை 700 முதல் 850 பாகை வெப்பத்திற் சுட்டால், அது தன் அமைப்பிற் கட்டுண்டிருந்த நீரை இழந்து, வினைபுரியும் தன்மையைப் பெறுகின்றது. கிளிங்கர் நீருடன் கூடும்போது வெளிப்படும் சுண்ணாம்பை அது பற்றிக்கொண்டு இறுகுகின்றது. களிமண்ணிலுள்ள அலுமினா, சுடாத சுண்ணாம்புக்கல்லுடனும் கூடிப் புதிய பளிங்குகளை ஆக்கி, நுண்துளைகளை அடைக்கின்றது. தனித்தனியே சேர்த்தால் வலிமையைக் குறைக்கக்கூடிய அளவுகள், கூட்டாகச் சேர்ந்தபோது வலிமையைக் காக்கின்றன. களிமண்ணில் நூற்றுக்கு 40 பங்கு கயோலினைற்று இருப்பினும் போதும். பீங்கான் செய்வதற்கு ஆகாதெனத் தள்ளப்பட்ட மண்ணும் இங்கே பயன்படும்.

இதன் ஆதாயத்தை ஒரு மூட்டையின் கணக்காற் காட்டுவோம். கிளிங்கரில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பங்கு சுண்ணாம்பு எனக் கொண்டால், 50 கிலோ சாதாரண சீமெந்துக்கு ஏறத்தாழ 55 கிலோ தூய சுண்ணாம்புக்கல் வேண்டும். கல்லிலிருந்து மட்டும் 24 கிலோ கரியமிலவாயு வெளியேறும். புதிய கலவையில் அதே மூட்டைக்குச் சுடாத தூளையும் சேர்த்து 37 கிலோ கல்லே போதும். கல்லிலிருந்து வெளியேறும் வாயு 13 கிலோ அளவில் நிற்கும். மூன்று மூட்டைக்கு அகழ்ந்த கல் நான்கு மூட்டைக்குமேற் போதுமாகின்றது. களிமண்ணை குறைந்த வெப்பத்திற் சுடுவதால் எரிபொருளும் குறைகின்றது. யாவற்றையும் கூட்டிப் பார்க்குமிடத்து, கரியமிலவாயு நூற்றுக்கு 30 முதல் 40 பங்குவரை குறையும் என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு.

ஏட்டளவில் இஃது நின்றுவிடவில்லை. 2013இற் கியூபாவின் சிகுவானேய் தொழிற்சாலையில் இச்சீமெந்து பரீட்சார்த்தமாக ஆக்கப்பட்டது. இந்தியாவின் ஜான்சி நகரில் இதனைக் கொண்டு மாதிரி வீடொன்று எழுந்தது. 2023இல் இந்திய நியமப் பணியகம் இவ்வகைச் சீமெந்துக்குத் தனி நியமம் வகுத்தது. கடலோரத்தாராகிய நமக்கு இன்னுமொரு செய்தி குறிப்பிடத்தக்கது. நுண்துளைகள் அடைபடுவதால், கொங்கிறீற்றினுள் உப்பு புகுவது பெரிதும் தடைப்படுகின்றது. உப்புக்காற்றால் உருக்குக் கம்பி துருவேறிக் கூரை உதிர்வதைக் கண்டறிந்த மன்னார் மக்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. குறைகளும் உள. கலவை விரைவில் தடிப்புறுவதால் அதனை இளக்கும் துணைப்பொருள் வேண்டும். காற்றிலுள்ள கரியமிலவாயு உட்புகுதலைத் தடுக்கும் ஆற்றல் சாதாரண சீமெந்தைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே, நீரூற்றிப் பதப்படுத்துவதிற் சோம்பலாகாது.

நிற்க. இவ்வெற்றியைக் கேட்டவுடன், முருங்கன் களிமண்ணைச் சுட்டு அவ்வாறே செய்துவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. இங்கேதான் ஆராய்ச்சியின் உண்மைப் பயன் விளங்குகின்றது. முருங்கன் மண்ணில் மிக்கிருப்பது மொன்மொரிலோனைற்று என்னும் வேறொரு கனியம். மாரியில் நீரையுண்டு வீங்கிப் பசையாகி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் வயல்மண்ணை நம் உழவர் நன்கறிவர். அவ்வீக்கம் இக்கனியத்தின் இயல்பு. கிளிங்கர் சுடுவதற்கு அம்மண் ஏற்றதாயிருந்தது. சுட்ட களிமண்ணாகச் சேர்ப்பதற்கோ, கயோலினைற்று, இல்லைற்று, மொன்மொரிலோனைற்று மூன்றனையும் ஒப்பிட்ட கியூபா - சுவிற்சர்லாந்து ஆராய்ச்சியின்படி, கயோலினைற்றே மிகுந்த வினைத்திறன் உடையது. இலங்கையிற் கயோலின் படிவுகள் பொரலஸ்கமுவையிலும் மீற்றியாகொடையிலும் அறியப்பட்டுள்ளன. நம் பகுதியில் எம்மண் எதற்கு உதவும் என்பதை அளந்தே அறிதல் வேண்டும்.

அளப்பதற்கு ஒரு பொது அளவுகோல் உண்டு. 1947இற் பாரிசு நகரில் தோன்றிய ரைலெம் என்னும் சர்வதேச ஆராய்ச்சிச் சங்கத்தின் குழுவொன்று, பல நாட்டு ஆய்வுகூடங்களில் ஒரே மாதிரிப் பொருள்களைப் பரிசோதித்து, எம்முறை நம்பத்தக்கதென ஒப்புநோக்கியது. அவற்றுட் சிறந்து விளங்கிய முறையில், ஆராயும் பொருளைச் சுண்ணாம்பு முதலியவற்றுடன் கலந்து 40 பாகை வெப்பநிலையில் 7 நாள் வைத்து, வெளிப்படும் வெப்பத்தை அளப்பர். ஒரு நாட்டார் பெற்ற எண்ணை மற்றொரு நாட்டார் ஐயமின்றி ஏற்றுக்கொள்ள இது வழிசெய்தது. பன்னாட்டுக் கூட்டுறவின் சிறப்பு, ஒரு நாட்டின் கலவையை மற்றொரு நாடு கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதிலன்று. ஒரே அளவுகோலைக் கொண்டு ஒவ்வொரு நாடும் தன் மண்ணைத் தானே வினவி அறிவதிலேயே உள்ளது.

இதன் முதற்படி நம் மாணவர்க்கு எட்டாததன்று. ஒரு மின்னுலையும் நுண்தராசும் இருப்பின், உலர்ந்த களிமண்ணை 400 பாகையிலும், பின்னர் 600 பாகையிலும் சூடாக்கி, எடைக்குறைவைக் கொண்டு கயோலினைற்றின் பங்கை ஏறத்தாழ மதிப்பிடலாம். தூய கயோலினைற்று தன் எடையில் நூற்றுக்கு 14 பங்கு நீரை இழப்பதே இக்கணிப்பின் அடிப்படை. மேலும் நுணுகி ஆராய்வதற்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் அண்மையிலேயே உள்ளது.

நம் ஊரில் மண்ணைத் தோண்டாமலே கிடைக்கும் பொருளும் ஒன்றுண்டு. கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் நெல்லில் ஐந்திலொரு பங்கு உமி. அதனை எரித்தால் அதில் ஐந்திலொரு பங்கு சாம்பலாக எஞ்சும். ஒரு தொன் நெல்லுக்கு ஏறத்தாழ 40 கிலோ எனலாம். அச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நடத்திய, இந்தியாவிற் பிறந்த பேராசிரியர் குமார் மேத்தா, உமியை அளவான வெப்பத்தில் எரித்தால் அதன் சாம்பல் சீமெந்துக்குச் சிறந்த துணைப்பொருளாகும் எனக் காட்டினார். வெப்பம் மிகுந்தால் சிலிக்கா பளிங்காகி வினைத்திறன் இழக்கும். குறைந்தால் கரி எஞ்சும். ஆகவே, இங்கும் அளவறிதலே முதன்மை.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. களிமண் சீமெந்துக்கு உதவும் என்பதற்காக விளைநிலத்தின் மேன்மண்ணை அகழ்தல், கல்லைக் காக்கப்போய்ச் சோற்றை இழப்பதாகும். வேறிடத்து அகழ்வில் ஒதுக்கிய மண், ஆலையில் எஞ்சிய சாம்பல், கிளிங்கருக்கு ஆகாத கல் என்பவற்றை முதலில் நாடுவதே முறை.

வடபுலத்தில் வீடுகளும் வீதிகளும் புதுக்கப்பட்டு வரும் காலம் இது. இன்று நாம் எத்துணைச் சீமெந்தை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பது, நம் பேரர் எத்தகைய கிணற்றில் நீர் மொள்வர் என்பதைத் தீர்மானிக்கும். பொறியியலாளராகவும் ஒப்பந்தகாரராகவும் அரசாங்க உத்தியோகத்தராகவும் உள்ள பழைய மாணவர்கள் இத்துறையிற் கருத்தூன்றுவார்களாக. பிறநாடுகளில் வாழ்வோர் ஆங்காங்குள்ள ஆய்வுகூடங்களுக்கும் நம் மாணவர்க்கும் பாலமாக அமைவார்களாக. கல்லூரியின் விஞ்ஞான கூடத்தில் நமது மண்ணின் எடைக்குறைவைக் கணக்கிடும் மாணவன், லோசானிலும் சாந்தா கிளாராவிலும் சென்னையிலும் நிகழ்ந்த பெரும்பணியிற் பங்காளனே என்பது எமது துணிபு.