சிற்றுண்டி கேட்டார்கள், சீட்டுக் கிழிந்தது!



ஆலையிலே உழைக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒரு தொழிலாளியை வெளியே அனுப்பவேண்டுமென்றால், முதலாளி எத்தகைய முரட்டுப் பேர்வழியாயினும், முதலிலே ஒரு மெமோ தரவேண்டும். குற்றம் இன்னது என்று அதிலே எழுதவேண்டும். விளக்கம் கேட்கவேண்டும், விசாரிக்கவேண்டும். "அது வெறும் கண்துடைப்பு" என்பீர்கள். இருக்கட்டும். அந்தக் கண்துடைப்புக்கூட ஒன்பது கல்லூரி மாணவர்களுக்குக் கிட்டவில்லை. நடந்தது அமெரிக்காவிலே, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரிலே.

1960 பிப்ரவரி 25. அந்நகரின் நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்திலே ஒரு சிற்றுண்டிச்சாலை. அரசாங்கத்துக்குச் சொந்தமானது, ஆனால் வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்து உண்ணலாம்! அலபாமா ஸ்டேட் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் ஏறத்தாழ 29 பேர் உள்ளே சென்றனர், உணவு கேட்டனர். கல்லெறிந்தார்களா? கண்ணாடியை உடைத்தார்களா? இல்லை. கேட்டார்கள், அவ்வளவுதான். கடையையே மூடிவிட்டனர்! நீதி வழங்கும் மாளிகையிலே ஒரு கவளம் சோறு வழங்க மனமில்லை. வெளியே போகச் சொன்னதும், மாணவர்கள் நடைக்கூடத்திலே சுமார் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினர்.

அன்றே கவர்னர் ஜான் பாட்டர்சன் கல்லூரித் தலைவரை அழைத்து, இவர்களை நீக்குவதுபற்றி யோசிக்கும்படி கூறினார். மாநிலக் கல்வி வாரியத்தின் தலைவரும் அவரே! கல்லூரித் தலைவர் டிரென்ஹோமும் கறுப்பர்தாம். ஆனால் கல்லூரிக்குப் படியளக்கும் கை கவர்னருடைய கை. அந்த மனிதர்மீது எனக்குக் கோபத்தைவிட இரக்கமே மிகுகிறது.

மாணவர்கள் அடங்கினார்களா? மார்ச் 1-ல் சுமார் 600 பேர் சட்டமன்ற மாளிகையின் படிகளிலே திரண்டனர். பாடினர், பேசினர், கலைந்தனர். மறுநாளே வாரியம் கூடியது. ஒன்பது பேரை நீக்கியது. இருபது பேரைக் கண்காணிப்பிலே வைத்தது.

வீட்டுக்கு வந்த கடிதத்தைக் கேளுங்கள். "செய்தி ஊடகங்களில் வெளிவந்தபடி" வாரியம் இப்பிரச்சினையை ஆராய்ந்ததாம். நீக்கப்பட்டோரில் நீயும் ஒருவனாம்! என்ன செய்தாய் என்று ஒரு வரி இல்லை. கூடவே ஒரு விதியை எடுத்துப் போட்டிருந்தனர். கல்லூரிக்கு ஊறு விளைவிக்கும் நடத்தை, மாணவனுக்குத் தகாத நடத்தை, கீழ்ப்படியாமை, கலகம்... இதிலே எது இவர்கள் செய்தது? சொல்லவில்லை. பின்னர் நீதிமன்றத்திலே வாரிய உறுப்பினர்களைக் கேட்டபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்! ஒன்றாகக் கைதூக்கியவர்கள், எதற்காகத் தூக்கினோம் என்பதிலே ஒன்றுபடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. கல்லூரியில் சேரும்போதே ஒரு நிபந்தனை: மாணவன் நினைத்தபோது விலகிக்கொள்வதுபோல, உறவு கசந்துபோனால் கல்லூரியும் அவனை விட்டுவிடலாமாம். ஆட்டுக்குட்டிக்கும் ஓநாய்க்கும் சம உரிமை ஒப்பந்தம்!

செயின்ட் ஜான் டிக்சன் முதலான மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றத்திலே தோற்றனர். தோற்கடித்த நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் யார் தெரியுமா? 1956-ல் மான்ட்கோமரி பேருந்துகளிலே நிறவேற்றுமை செல்லாது என்று தீர்ப்பளித்த இரு நீதிபதிகளில் ஒருவர். பேருந்திலே கண்ட நீதி அவருக்குக் கல்லூரி வாசலிலே தென்படவில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 1961 ஆகஸ்ட் 4-ல் தீர்ப்பைத் திருப்பியது. மூவரில் இருவர் மாணவர் பக்கம். வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரி ஒருவனை நீக்குமுன் குற்றத்தைச் சொல்லவேண்டும். அவன் தரப்பைக் கேட்கவேண்டும். எதிர்ச்சாட்சிகள் யார், என்ன சொன்னார்கள் என்பதையும் தெரிவிக்கவேண்டும். படிப்பு எவரோ போடும் பிச்சையல்ல, பிடுங்கிக்கொள்ள! அந்த நிபந்தனையால் மாணவன் இந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது என்றும் கூறிற்று.

"பேசும் உரிமை உண்டென்று அத்தீர்ப்பு சொல்லிற்றா?" என்று கேட்பீர்கள். சொல்லவில்லை; விசாரணை வேண்டும் என்றதோடு நின்றது. ஆயினும் இதைப் பேச்சுரிமை வழக்காகவே நான் எண்ணுகிறேன். "சமமாய் உட்கார்ந்து உண்ணக் கேட்டான், படியிலே நின்று பேசினான், ஆகவே நீக்கினோம்" என்று எழுதக் கூச்சம். அதனால்தானே "தகாத நடத்தை" என்ற போர்வை! காரணத்தை எழுது, எதிரே உட்காரவைத்துச் சொல் என்றால் போர்வை விலகிவிடுகிறது.

மாணவர்களுக்கு ஆதரவாயிருந்த வரலாற்றுப் பேராசிரியர் எல். டி. ரெடிக் அவ்வாண்டு ஜூனிலேயே வேலையிழந்தார். நீக்கப்பட்ட பெர்னார்ட் லீ, மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய உதவியாளரானார்.

2018-ல், 58 ஆண்டுகள் கழித்து, அலபாமா கல்வித்துறை அந்த ஒன்பது பேரின் ஏட்டிலிருந்து நீக்க உத்தரவை அழித்தது, வருத்தமும் தெரிவித்தது. பெர்னார்ட் லீ அதைப் பார்க்கவில்லை. 1991-லேயே மறைந்துவிட்டார்.