உஷார்! வெயிலடிக்கும்போதே கடல் பொங்கும்!

கோடை விடுமுறைக்குக் குமரிக் கடலோரமாக ஒரு நாள் நடைபயணம் போகலாம் என்று நண்பர்கள் கூட்டம் கிளம்புகிறதா? மணக்குடி, சங்குத்துறை, கணபதிபுரம், முட்டம் என அழகுக்குக் குறைவில்லாத வழிதான். 'அலைகள் ஓய்வதில்லை' படத்தில் பார்த்த முட்டம் பாறைகளில் நின்று ஒரு குரூப் போட்டோ எடுக்காமல் திரும்ப யாருக்கும் மனசு வராது. ஆனால், யார் வண்டி, எங்கே சாப்பாடு என்று வாட்ஸ்அப்பில் பேசி முடிப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

2024 மே 6. கணபதிபுரம் லெமூர் கடற்கரை. கல்யாணத்துக்காக நாகர்கோவில் வந்த மருத்துவ மாணவர்கள் கூட்டமாகக் கடலைப் பார்க்கப் போனார்கள். அலை இழுத்துப் போனதில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை. ஆனால், ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்கோயிஸ், முந்தைய நாட்களிலேயே 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடுத்திருந்தது.

கள்ளக்கடல் என்றால் என்ன? இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் பலத்த காற்று எழுப்பும் அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாட்கள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கொஞ்ச நேரம் சாதுவாகக் கிடக்கும் கடல், திடீரென்று அடுத்தடுத்துப் பெரிய அலைகளை அனுப்பிக் கரையை மூழ்கடித்துவிடும். தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான் இது அதிகம். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடுவதும் அப்போதுதான்!

எனவே, முந்தின நாள் இரவும் கிளம்பும் காலையும் இன்கோயிஸ் இணையதளத்தையோ அதன் 'சமுத்ரா' செயலியையோ பாருங்கள். வானிலைச் செய்தியில் 'மழை இல்லை' என்று வந்தால் போதாது. கடல் எச்சரிக்கை தனி. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். கரைக்குப் போனதும் அங்குள்ள மீனவர்களிடம், "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். அவர்கள் படகை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தால், அதற்கு மேல் உங்களுக்கு எச்சரிக்கை தேவையில்லை.

பாறையில் ஏறுவதற்கு முன் பத்து நிமிடமாவது ஒதுங்கி நின்று பாருங்கள். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று கவனியுங்கள். கறுத்து, பச்சைப் பாசி பிடித்து மினுக்கும் இடம் அலை அடிக்கடி வந்துபோகும் இடம். எவ்வளவு நல்ல ஷூ போட்டிருந்தாலும் கால் வழுக்கும். காய்ந்த பாறைதானே என்று விளிம்புக்கும் போகாதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கவே கூடாது. மீன்பிடித் துறைகளில் கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளின் மேல் நடப்பதும் வேண்டாம். கற்களின் இடுக்கில் கால் மாட்டினால், அடுத்த அலைக்குள் வெளியே எடுக்க முடியாது.

ஆறு கடலில் சேரும் இடங்களில் இரட்டிப்பு உஷார் தேவை. மணக்குடியில் பழையாறும் கடியப்பட்டினம் பக்கம் வள்ளியாறும் கடலில் கலக்கின்றன. முழங்கால் அளவுதான் என்று பொழிமுகத்தில் இறங்காதீர்கள். காலடி மணல் நொடியில் கரையும். சுற்று வழியானாலும் பாலத்தில் ஏறிப் போங்கள்.

கூட்டமாகப் போவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. ஒருவர் நீரில் சிக்கினால், அவரைக் காப்பாற்ற மற்றவர்கள் அடுத்தடுத்துக் குதித்துவிடுகிறார்கள். தயவுசெய்து குதிக்காதீர்கள்! கயிறு, மூடிய காலி கேன், எது மிதக்குமோ அதை வீசுங்கள். மீனவர்களைக் கூவி அழையுங்கள். சிக்கியவர், உள்ளே இழுக்கும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துப்போகக் கூடாது. மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகே கரையை நோக்கி வர வேண்டும்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பொறுப்பு கொடுங்கள். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் தலையை எண்ணுங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, விசில், குழுவுக்கு ஒரு நீளக் கயிறு கட்டாயம். உச்சி வெயிலில் மணலில் நடக்காதீர்கள். மது அருந்தியவரை அழைத்துப் போகவே வேண்டாம். ஆம்புலன்ஸ் 108, கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554: மூன்றையும் எல்லோர் போனிலும் இப்போதே பதிந்து வையுங்கள்.

வேன் பேசியாச்சு, அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்று தயங்காதீர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் பயணம் ரத்து. மறுபேச்சே வேண்டாம்!